தரவு மையத்தின் தண்ணீர் மீட்டர் எங்கே? தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தகவல் தொழில்நுட்பம் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், சென்னைக் குடிநீர் வாரியம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

இந்த மடலில் நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஏ.ஐ. தரவு மையம் ஒன்றுக்கு, அதாவது செயற்கை நுண்ணறிவுக்காக ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகள் இரவும் பகலும் ஓடும் கட்டடத்துக்கு, நிலமோ வரிச் சலுகையோ உயரழுத்த மின் இணைப்போ கொடுப்பதற்கு முன்னால், அது குடிக்கும் தண்ணீரையும் இழுக்கும் மின்சாரத்தையும் எரிக்கும் டீசலையும் எந்தெந்த இடத்தில் மீட்டர் வைத்து அளப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மீட்டர்கள் காட்டும் எண்களை மாதாமாதம் ஊர் பார்க்கும்படி வையுங்கள். நாங்கள் குளிரூட்டல், நீர் சுத்திகரிப்பு, மின் பகிர்மானம் ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். தரவு மையமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் செலவில் ஒரு பங்கு யாருடைய கணக்கிலும் வராமல் கிணற்றிலும் ஓடையிலும் காற்றிலும் போய் விழுகிறது. அதைக் கணக்கில் கொண்டுவர முடியும், அதற்கான கருவிகள் கடையில் கிடைக்கின்றன என்பதைச் சொல்லவே எழுதுகிறோம்.

தரவு மையங்கள் சென்னையைத் தேடி வருவதற்குக் காரணம் கடல். இணையத்தைக் கொண்டுசெல்லும் சீ-மீ-வீ 4 போன்ற கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறுகின்றன. சிங்கப்பூர்ப் பக்கம் போகும் வழி இங்கிருந்து குறுகியது. சிறுசேரியும் அம்பத்தூரும் தரவு மையப் பேட்டைகளாக ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே கடல்தான் இந்த ஊரின் காற்றை ஈரமாக வைத்துக் குளிரூட்டலைக் கடினமாக்குகிறது, கரையோரக் கிணறுகளில் உப்பை ஏற்றுகிறது. கேபிளின் லாபத்தைக் கணக்கிட்டவர்கள் ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியிட்டது: அதன் ஏ.ஐ. சேவையான ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் நடுத்தரமான ஒரு கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரம், 0.26 மில்லி லிட்டர் தண்ணீர், அதாவது ஐந்து சொட்டு. இந்த எண்ணைக் காட்டி "இவ்வளவுதானே" என்று உங்கள் மேசைக்கு வருபவர்கள் இருப்பார்கள். எண்ணில் பிழை இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது உலகம் முழுவதும் பரவிய கேள்விகளின் கணக்கு. தரவு மையத்துக்கு உள்ளே செலவாகும் தண்ணீரை மட்டும் சேர்த்த கணக்கு. மின்சாரம் உண்டாக்கும் இடத்தில் போகும் தண்ணீர் அதில் இல்லை. அனுமதி கொடுப்பவருக்கு ஒரு கேள்விக்கு எத்தனை சொட்டு என்பது உதவாது. இந்த மனைக்கு, இந்தக் கோடையில், ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்பதுதான் அவர் கேட்க வேண்டியது.

அந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவரும். கூலிங் டவர் அந்த வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுகிறது. ஒரு யூனிட் வெப்பத்தை வெளியேற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும்; இது இயற்பியல், எந்த நிறுவனமும் பேரம் பேச முடியாது. ஒரு மெகாவாட் சர்வர் சுமை நாள் முழுவதும் ஓடினால் 24,000 யூனிட். ஆவியாவது 36,000 லிட்டர். குளிர்நீர் உண்டாக்கும் இயந்திரமான சில்லரின் கம்ப்ரசர் வெப்பமும் இதோடு சேரும், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கணக்கு இதோடு முடிவதில்லை. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறவிட்டால் சுண்ணாம்பும் சிலிக்காவும் சில்லரின் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் குழாய்களின் உள்பக்கம் படிந்து ஓடு கட்டும். அரை மில்லிமீட்டர் படிவுக்கே சில்லரின் மின்செலவு கூடிவிடும். ஆகவே தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். இதற்கு புளோடவுன் என்று பெயர். உள்ளே வரும் தண்ணீரின் உப்பு நான்கு மடங்கு ஆகும்வரை பொறுக்கலாம் என்றால் புளோடவுன் 12,000 லிட்டர். மொத்தம் 48,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நான்கு லோடு, ஒரு மெகாவாட்டுக்கு, ஒரு நாளைக்கு.

நான்கு மடங்கு என்பது நல்ல தண்ணீருக்கான கணக்கு. கரையோரத்து போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, 1,500, 2,000 மில்லிகிராம் என்று இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற முடியாது. அப்போது ஆவியாகும் அளவுக்குச் சமமாகத் திறந்துவிட வேண்டியிருக்கும்: 72,000 லிட்டர், ஆறு லோடு. 30 மெகாவாட் மையம் முழுச் சுமையில் இப்படி ஓடினால் நாளொன்றுக்கு 180 லோடு, 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ரயில் ஏறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்த தண்ணீர் 25 லட்சம் லிட்டர். அந்த ரயிலை நம் ஊர் மறந்திருக்காது.

திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. அதில் இரண்டு மடங்கு உப்பு மட்டும் இருப்பதில்லை. பாசி பிடிக்காமலிருக்கப் போட்ட கிருமிக்கொல்லி, துரு பிடிக்காமலிருக்கப் போட்ட பாஸ்பேட், துத்தநாகம் எல்லாம் இருக்கும். கிருமிக்கொல்லியைக் குறைத்தாலும் ஆபத்து; டவரின் வெதுவெதுப்பான நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தால் மூடுபனி போன்ற திவலையோடு அது அக்கம்பக்கத்து நுரையீரல்களுக்குப் போகும். பழைய மகாபலிபுரம் சாலையையொட்டிய மனைகளின் வடிகால் கடைசியில் பக்கிங்காம் கால்வாயிலோ, பள்ளிக்கரணையிலோ, முட்டுக்காடு கழிமுகத்திலோதான் போய்ச் சேரும். பள்ளிக்கரணைக்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அந்த நீருக்குள் எந்தக் குழாயிலிருந்து எவ்வளவு புளோடவுன் வருகிறது என்று அளக்க ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோமீட்டரும் உப்பைக் காட்டும் ஒரு கண்டக்டிவிட்டி மீட்டரும் போதும்.

இனி, உங்களிடம் வரும் விளக்கக் காட்சிகளில் அடிக்கடி பார்க்கப்போகும் ஒரு சொல்லைப் பற்றி: "மூடிய சுற்று". ஏ.ஐ. சர்வர்களுக்கு இப்போது காற்று போதவில்லை. முன்பு ஒரு ரேக், அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரி, 5 முதல் 8 கிலோவாட் இழுத்தது. ஏ.ஐ. கணக்குகளைப் போடும் சிப்பான ஜிபியு 72 கொண்ட என்விடியா ரேக் ஒன்று ஏறக்குறைய 120 கிலோவாட் இழுக்கிறது. ஆகவே சிப்பின் தலைமேலேயே தாமிரத் தகடு வைத்து அதற்குள் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த நீரை ஓட்டுகிறார்கள். அந்த நீர் குழாய்க்குள்ளேயே சுற்றும், வெளியே போகாது. "எங்களுக்குத் தண்ணீர் செலவே இல்லை" என்று சொல்லும்போது இந்தச் சுற்றைத்தான் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நீர் சுமந்து வந்த வெப்பத்தை வெளிச்சுற்று ஒன்று வாங்கி வானத்துக்கு விட வேண்டும். அந்த வெளிச்சுற்றில் இருப்பது கூலிங் டவரா, காற்றால் குளிரும் டிரை கூலரா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். வரைபடத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியைப் பாருங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கோடையில் சென்னையின் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, 27, 28 டிகிரிக்குப் போகும். எந்தக் கூலிங் டவரும் அதற்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. நடைமுறையில் அதைவிட மூன்று நான்கு டிகிரி மேலேதான் நிற்கும். பழைய முறையில் சர்வருக்குக் குளிர்ந்த காற்று வேண்டியிருந்ததால் ஆண்டு முழுவதும் சில்லர் ஓட வேண்டியிருந்தது. புதிய நீர்க்குளிர்ப்பு ரேக்குகளில் சில 45 டிகிரி வரை சூடான தண்ணீரையே ஏற்றுக்கொள்கின்றன. சென்னையில் வெளிக்காற்று 40 டிகிரியைத் தொடும் நாளிலும் 45 டிகிரித் தண்ணீரை டிரை கூலரால் கொடுக்க முடியும். ஆவியாக்க ஒரு சொட்டும் வேண்டாம். மெமரி, வலையமைப்புக் கருவிகள் என்று நீர் தொடாத மீதிப் பகுதிக்கு மட்டும் சில்லர் போதும். இதற்கு மாடியில் கூடுதல் இடமும் ரேடியேட்டர்களும் வேண்டும், முதலீடு கூடும். கூலிங் டவர் இடத்தை மிச்சப்படுத்துகிறது, தண்ணீரோ மலிவு; ஆகவே கட்டுபவர் டவர் பக்கம் சாய்வார். தண்ணீரின் விலையும் அனுமதியின் நிபந்தனையும் மாறினால் அவர் கை தானாக டிரை கூலர் பக்கம் போகும். இதை நீங்கள் மாற்றலாம், கட்டடம் எழும்புவதற்கு முன்னால் மட்டும். எழும்பிய பின் மொட்டை மாடியின் தூண்கள் அந்த எடையைத் தாங்காது.

டிரை கூலர், காற்றுக்குளிர்ப்புச் சில்லர் என்று போனாலும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று சத்தம். நூற்றுக்கணக்கான விசிறிகள் இரவும் பகலும் ஓடும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல். அதை மனையின் எல்லைச் சுவரில், இரவு இரண்டு மணிக்கு அளக்க வேண்டும், நண்பகலில் அல்ல. இன்னொன்று, சாதாரணக் காற்றுக்குளிர்ப்புச் சில்லர் தண்ணீரை மிச்சப்படுத்தி மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்னும். அந்தக் கூடுதல் யூனிட் மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால் தண்ணீர் அங்கே செலவாகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பழைய அனல்மின் நிலையங்களுக்கு விதித்திருக்கும் வரம்பே ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். சிறுசேரியில் மிச்சமான தண்ணீர் காவிரியில் எடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே படிவத்தில் கேட்டால்தான் ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது.

டவர்தான் வேண்டும் என்று நிற்பவருக்குக் குடிநீரும் கிணற்று நீரும் கொடுக்கத் தேவையில்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து மூன்றாம் நிலையில் ஆர்.ஓ. செய்யும் ஆலைகள் 2019 முதல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கரைக் கோடி லிட்டர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலித் தொழிற்சாலைகள் அந்தத் தண்ணீரை வாங்குகின்றன. இந்தியாவில் பல நகரங்களுக்கு இல்லாத வசதி இது. இதைக் கட்டியவர்கள் பெருமைப்படலாம். ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு என்பதால் டவரில் ஏழு மடங்கு வரை ஏற்றலாம். புளோடவுன் மெகாவாட்டுக்கு 6,000 லிட்டராக இறங்கிவிடும். கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கிலோ லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போகிறது. கழிவுநீரை இப்படிச் சுத்திகரிக்க அதில் பாதிகூட வேண்டாம். ஆகவே நெம்மேலியின் கடல்நீர் ஆலைத் தண்ணீரைச் சர்வருக்குக் கொடுப்பதைவிட, பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்தின் நீரை மூன்றாம் நிலைக்குக் கொண்டுபோய் சாலையோரம் குழாய் பதித்துச் சிறுசேரிக்குக் கொடுப்பது எல்லா வகையிலும் மேல். குழாயின் செலவில் தரவு மையங்கள் பங்கு போடட்டும்.

1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் லாரியில் வரும் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று வாங்குபவரிடம் கேட்பவர் இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் நெல் வயலுக்கு நடுவே போர் போட்டு லாரி நிரப்புகிறார்கள். பக்கத்து வயல்காரரின் மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் அந்த ஊருக்கு ஏ.ஐ. என்றால் என்னவென்று தெரிய வரும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிச் சமாளித்தன. சர்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அடுத்த வறட்சியில் யாருடைய தண்ணீர் முதலில் நிற்கும் என்ற வரிசையை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

அனுமதி வழங்கும் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தரவு மையம் என்று தனி இனம் கிடையாது. தளப்பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அது 'கட்டடமும் கட்டுமானமும்' என்ற இனத்தில் வரும். அந்த இனம் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் அலுவலகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது: தலைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை கார் நிறுத்தம், மரம் எத்தனை. நூறு சொச்சம் பேர் வேலை பார்க்கும், 40 மெகாவாட் இழுக்கும் கட்டடத்தைத் தலைக்கணக்கில் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அறிவிக்கையைத் திருத்துவது டெல்லியின் வேலை. நிபந்தனை சேர்ப்பது உங்களால் முடியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை உலகக் கணக்கு தெரிந்ததே: சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பில் 2024இல் தரவு மையங்கள் 41,500 கோடி யூனிட் எடுத்தன, 2030இல் இது 94,500 கோடியாகும். அது உலக மொத்தத்தில் சிறு விழுக்காடு என்று ஆறுதல் சொல்வார்கள். தரவு மையங்கள் உலகம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை, ஒரே துணைமின் நிலையத்தைச் சுற்றிக் குவியும். அயர்லாந்தில் 2023இல் மீட்டரில் பதிவான மின்சாரத்தில் 21 விழுக்காடு தரவு மையங்களுக்குப் போனது. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 18 விழுக்காடு.

தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம் பகலில் சூரிய மின்சாரம் தாராளம்; காற்று மே முதல் செப்டம்பர் வரை. நெருக்கடி எப்போதும் அந்தி சாய்ந்து வீடுகளில் விசிறியும் ஏ.சி.யும் ஓடத் தொடங்கும் நேரத்தில். தரவு மையத்தின் சுமை தட்டையானது; மாலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் அதற்கு வித்தியாசமில்லை. "நூறு விழுக்காடு பசுமை மின்சாரம்" என்று பலகை வைப்பவர்கள் ஆண்டுக் கணக்கில் அதை ஈடுகட்டுகிறார்கள்: ஆனியில் ஆரல்வாய்மொழிக் காற்றாலை ஓடிய யூனிட்டை மார்கழி இரவில் எரித்த நிலக்கரிக்கு எதிரே எழுதிக்கொள்கிறார்கள். ஒழுங்குமுறை ஆணையம் மணிவாரிக் கணக்கு கேட்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும் மீட்டர் உயரழுத்த இணைப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. எண்கள் மின்வாரியத்தின் கணினியில் தூங்குகின்றன.

ஏ.ஐ. மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் சுமைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலை மின்வாரியப் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் ஒரே தாளத்தில் கணக்குப் போடும். ஒன்றுக்காக மற்றவை காத்திருக்கும்போதும், இடைநிலையைச் சேமிக்கும்போதும் எல்லாம் ஒரே நொடியில் ஓய்ந்து மறுநொடி எழும். மெட்டா நிறுவனம் 16,384 ஜிபியுக்களில் லாமா 3 என்ற ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவித்தபோது சுமை இப்படிப் பல பத்து மெகாவாட் ஏறி இறங்கியதைத் தன் ஆய்வறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நம் துணைமின் நிலையத்தில் இது நடந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் டேப் சேஞ்சர் ஓயாமல் அசைந்து தேயும். அதே நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் மின்தடத்தில் விளக்கு கண் சிமிட்டும். இணைப்பு ஒப்பந்தத்தில் நிமிடத்துக்கு இத்தனை மெகாவாட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று ஒரு வரி சேருங்கள். அதைச் சமன் செய்யும் பேட்டரியை அவர்கள் தங்கள் செலவில் வைத்துக்கொள்வார்கள்.

வரிச் சலுகையையும் இங்கே கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. 30 மெகாவாட் சர்வர், குளிரூட்டலோடு சேர்த்து 42 மெகாவாட்: முழுச் சுமையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 36 கோடியே 80 லட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 257 கோடி ரூபாய். அதில் 5 விழுக்காடு மின்வரியை முழுவதும் விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு 12 கோடி ரூபாய்க்கு மேல். 2021ஆம் ஆண்டின் தரவு மையக் கொள்கையின்படி கொடுக்கும் சலுகைகளின் எதிரே ஒரு பத்தி சேர்த்து, அந்த மையம் அந்த ஆண்டு எடுத்த தண்ணீரையும் கொடுத்த வேலைகளின் எண்ணிக்கையையும் எழுதி வெளியிட்டால் பேரம் நியாயமா என்று மக்களே பார்த்துக்கொள்வார்கள்.

டீசல் ஜென்செட்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 42 மெகாவாட்டுக்கு 2,000 கே.வி.ஏ. இயந்திரங்கள் 26க்கு மேல் வேண்டும், உபரி தனி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய, கடுமையான புகை வரம்பு 2023 ஜூலையில் வந்தது; ஆனால் அது 800 கிலோவாட் வரையுள்ள இயந்திரங்களுக்குத்தான். தரவு மையத்து ஜென்செட் அதன் இரு மடங்கு என்பதால் பழைய, தளர்ந்த வரம்பிலேயே நிற்கிறது. மின்வெட்டு இல்லாவிட்டாலும் இவை மாதாமாதம் சோதனைக்கு ஓடும். ஒவ்வொன்றும் முழுச் சுமையில் மணிக்கு 400 லிட்டர் குடிக்கும். குறைந்த சுமையில் ஓட்டினால் எரியாத டீசல் வெளியே வந்து நிலைமை இன்னும் மோசமாகும். சோதனையை விடியற்காலையில் வைப்பது வழக்கம், அலுவலக நேரத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று. மார்கழி, தை விடியலில் காற்று அசையாது, புகை தரையோடு படுத்துக்கிடக்கும். போகி அன்று கேட்கவே வேண்டாம். சோதனை காலை 11 முதல் மாலை 3 வரை மட்டும், ஒரு நேரத்தில் ஓர் இயந்திரம் மட்டும், காற்றுத் தரம் மோசமான நாளில் கிடையாது: இந்த மூன்று வரிகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இயக்க இசைவாணையில் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. யூரியா ஊற்றி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். கருவியையும் புதிய மையங்களுக்குக் கட்டாயமாக்கலாம்.

உடைந்துபோகும் ஜிபியுக்களும் குப்பைதான். மேலே சொன்ன லாமா பயிற்சியில் 54 நாளில் எதிர்பாராத தடைகள் 419. அதில் 148க்குக் காரணம் ஜிபியு பழுது. ஐந்தாறு ஆண்டில் மொத்த ரேக்கும் மாறும். மின்கழிவு விதிகள் 2022இல் சர்வரும் அடக்கம், யூ.பி.எஸ். பேட்டரிக்குத் தனி விதிகள் இருக்கின்றன. எடை போட்டு ரசீது கேட்கும் வேலைதான் பாக்கி. கிளைகால் கலந்த பழைய குளிர்நீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது நீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும்.

மனிதர்கள் மேல் விழும் செலவு இதைவிட ஆழத்தில் இருக்கிறது. ஏ.ஐ. தானாகக் கற்பதில்லை. படத்தில் சைக்கிளைச் சுற்றிக் கட்டம் போடுபவர், இந்த வாக்கியம் வசையா இல்லையா என்று முத்திரை குத்துபவர், வன்முறைக் காட்சிகளை மணிக்கணக்கில் பார்த்து வகைபிரிப்பவர் என்று ஆட்கள் வேண்டும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐக்காக வன்முறை எழுத்துகளைப் படித்துப் பிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இந்த வேலை நடக்கிறது. செய்பவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், பெண்கள். கட்டம் இரண்டு பிக்ஸல் விலகினால் படம் திருப்பி அனுப்பப்படும், திருத்தும் நேரத்துக்குக் கூலி இல்லை. அரசு ஏ.ஐ. சேவை வாங்கும் டெண்டர்களில், முத்திரை குத்தும் வேலை எங்கே, என்ன கூலிக்கு நடந்தது, நிராகரித்த படத்துக்கும் நேரக் கூலி உண்டா, கொடூரக் காட்சிகளைப் பார்ப்பவருக்கு நேர வரம்பும் மனநல உதவியும் உண்டா என்று கேட்கலாம். செயலி வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்காக 2023 டிசம்பரில் அமைத்த நல வாரியத்தில் இவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

டெண்டர் என்றதும் இன்னொன்று. ஏ.ஐ. மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக, டோக்கன்களாக, உடைத்துத்தான் படிக்கின்றன. கட்டணமும் மின்சாரமும் துண்டுக் கணக்கில். ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் காட்டிய ஒப்பீட்டில் ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. அதே பதிலுக்கு நான்கு மடங்கு வேலை என்பது ஒன்றரை மடங்காகக் குறைந்திருக்கிறது, எழுத்தை உடைக்கும் பட்டியலை மாற்றியதாலேயே. தமிழில் பேசும் அரசுச் சேவைக்கு மாதிரி வாங்கும்போது ஆயிரம் தமிழ்ச் சொற்களுக்கு எத்தனை துண்டு என்று கேட்டு வாங்குங்கள். பணமும் மின்சாரமும் ஒருசேர மிச்சம்.

இவ்வளவு கேட்டால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். விசாகப்பட்டினத்தில் கூகுளின் 1,500 கோடி டாலர் அறிவிப்பு வந்தபிறகு அது கூடியிருக்கும். சிங்கப்பூரைப் பாருங்கள்: நம்மைப் போலவே ஈரமும் வெக்கையும், நம்மைவிட நெருக்கடியான நிலம். 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தார்கள். 2022இல் மறுபடி திறந்தபோது, சர்வருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குளிரூட்டல் முதலான மற்றவற்றுக்கு 0.3 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். யாரும் ஓடவில்லை, வரிசையில் நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள தரவு மையங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும். இங்கே வருகிற அதே நிறுவனங்கள்தான் அங்கே அந்தப் படிவத்தை நிரப்புகின்றன.

தொழில் ரகசியம் என்ற வாதமும் வரும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிற்றூர், கூகுளின் தண்ணீர்க் கணக்கை வெளியிட மாட்டோம் என்று 2021இல் செய்தித்தாள் ஒன்றின் மேல் வழக்கே போட்டது. 2022 இறுதியில் வழக்கைக் கைவிட்டு எண்ணை வெளியிட்டபோது, ஊர்த் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அந்த மையங்களுக்குப் போவது தெரிந்தது. எண் வெளியானதால் கூகுள் அங்கிருந்து கிளம்பிவிடவில்லை.

ஆகவே எந்தெந்த இடத்தில் மீட்டர் என்பதைச் சொல்லி முடிக்கிறோம். தண்ணீருக்கு நான்கு: குடிநீர் வாரியக் குழாய் நுழையும் இடம்; லாரி இறக்கும் சம்ப்பின் வாய், லாரி எண்ணும் கிணற்று அனுமதி எண்ணும் பதியும் பதிவேட்டோடு; மனைக்குள் போர்வெல் இருந்தால் அதன் தலை; புளோடவுன் வெளியேறும் குழாய், கண்டக்டிவிட்டி சேர்த்து. மின்சாரத்துக்கு இரண்டு: கிரிட் நுழைவில் ஒன்று, யூ.பி.எஸ். வெளியீட்டில் ஒன்று, இரண்டின் விகிதமே மின்சிக்கனத்தை அளக்கும் பி.யு.இ. ஆண்டுச் சராசரியோடு மே மாத எண்ணையும் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் சராசரி கோடையை விழுங்கிவிடும். ஒவ்வொரு ஜென்செட்டுக்கும் ஓடிய மணிநேர மீட்டரும் டீசல் வரவுப் புத்தகமும். எல்லைச் சுவரில் ஒலிமானி. மீட்டர்களின் முத்திரையை அந்தந்த வாரியம் வைக்கட்டும், மனைக்காரர் வைக்கக் கூடாது. மாதம் பத்தாம் தேதிக்குள் எண் இணையத்தில் வராவிட்டால் அந்த மாத வரிச் சலுகை கிடையாது. அனுமதிக் கோப்பு இப்போது திறந்திருக்கும் மையங்களிலிருந்தே தொடங்குங்கள். குழாய் பதிக்கும்போது ஃப்ளோமீட்டர் வைப்பது ஒரு நாள் வேலை, சுவர் எழும்பிய பின் மையத்தை நிறுத்திவைத்துத்தான் வைக்க முடியும்.

மரியாதையுடன்,
குளிரூட்டல், நீர் சுத்திகரிப்பு, மின் பகிர்மானப் பணிகளில் உள்ளோர்
சென்னை